பெட்டிக்குள் சேர்ந்த சுணை

வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்த மச்சான், சூட்கேஸின் நடுவில் துவாய்களால் சுற்றி ஒரு கேம் கொன்சோலைக் கொண்டுவந்தான். சுவிஸில் அவன் புதியது வாங்கிவிட்டான், பழையது எனக்கு. 4கே-யில் கேம் ஓடும் பெட்டி. "மூண்டு வருசம் பாவிச்சிருக்கிறன், சத்தமே கேக்காது" என்றான். அன்றிரவே ரீவியோடு பொருத்தினோம். அரை மணித்தியாலம் போனதும் பெட்டி இரையத் தொடங்கியது. முதலில் மெல்லிய ஊதல்தான். கேமில் ஒரு பெரிய காட்டுக்குள் நுழைந்ததும், முற்றத்தில் யாரோ நெல் தூற்றுவதற்கு ஃபான் போட்டதுபோல இரைச்சல் ஏறியது. மச்சான் எழும்பிப் போய் பெட்டிக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தான். "அங்க ஒரு நாளும் இப்பிடி இரைஞ்சதில்லையடா" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. பெட்டியும் பழுதாகவில்லை. இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது முரசுமோட்டையில், பரந்தன்–முல்லைத்தீவு வீதிக்குப் பக்கத்தில். வீடு கூரைக்குச் சீற் போட்ட வீடு. சோளகக் காற்று தொடங்கிவிட்டால் பகல் முழுக்கச் சூடு சீற்றில் ஏறி, இரவு பத்து மணி வரைக்கும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டின் கையேட்டிலும் பெட்டி வேலை செய்யக்கூடிய அறை வெப்பநிலை 5 முதல் 35 பாகை செல்சியஸ் என்று போட்டிருக்கிறது. 35 என்பது பேர்ண் நகரத்தில் இருப்பவனுக்கு வெறும் இலக்கம். எங்களுக்கு அது வைகாசி மாதத்துப் பின்னேரம்.

ஒரு சின்னக் கணக்கு. சிப்பை 80 பாகைக்கு மேல் போகாமல் பிடித்து வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மச்சானின் அறையில் காற்று 20 பாகை. சிப்புக்கும் காற்றுக்கும் இடைவெளி 60. எங்கள் அறையில் காற்று 35; இடைவெளி 45. வெப்பத்தை வெளியே தள்ளுவது இந்த இடைவெளிதான். அதில் கால்வாசி இங்கே முதலிலேயே இல்லை. அதே கேம், அதே சிப், அதே அளவு சூடு. குறைந்துபோன இடைவெளிக்கு ஈடாக ஃபான் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் கூடுதல் காற்றைத் தள்ள வேண்டும்.

இனி ஃபானின் சங்கதி. வேகத்தைக் கூட்டினால் காற்று அதே அளவுக்குத்தான் கூடும். சத்தம் அப்படி இல்லை. சுழற்சி வேகம் இரண்டு மடங்கானால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபெல் கூடிவிடும். 10 டெசிபெல் கூடினாலே நம் காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும். ஃபான் இழுக்கும் மின்சாரமோ எட்டு மடங்காகும். அதனால்தான் இந்தப் பெட்டிகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் கூட்டுவதில்லை. ஒரு கட்டம் வரை ஒன்றும் கேட்காது. அதைத் தாண்டியதும் அறையையே நிரப்பிவிடும்.

அதெல்லாம் சரி, அவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது? 1080 தீர்மானத்தில் ரீவித் திரையில் 2,073,600 புள்ளிகள். 4கே-யில் 8,294,400. சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம், வெளிச்சம், நிழல் என்று கணக்குப் பார்க்க வேண்டும். நொடிக்கு 60 படம் என்றால், ஒரு நொடியில் ஏறக்குறைய 50 கோடிப் புள்ளிகள். 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-இன் வரைகலைச் சிப் 1.84 டெராஃபுளொப்ஸ் (நொடிக்கு எத்தனை இலட்சம் கோடிக் கணக்குப் போடும் என்ற அளவு), 2016-இல் 4கே-க்காக வந்த புரோவில் அது 4.2. பலம் இரண்டே கால் மடங்குதான் கூடியது. புள்ளிகள் நான்கு மடங்கு கூடின. அந்த இடைவெளியை நிரப்பத்தான் சதுரங்கப் பலகைபோல ஒன்று விட்டு ஒன்றாகப் பாதிப் புள்ளிகளை மட்டும் வரைந்து, மீதியை முந்தைய படத்தைப் பார்த்து ஊகித்து நிரப்பும் உத்தியைக் கொண்டுவந்தார்கள். கெட்டிக்கார வேலை, சந்தேகமில்லை. ஆனால் அந்த உத்தியோடுகூட, 4கே கேம் ஓடும்போது அந்தத் தலைமுறைச் சிப் மூச்சு விட நேரமில்லாமல் வேலை செய்தது. அப்படி ஒரு பெட்டி 150 வாட் அளவில் மின்சாரம் இழுக்கும். இழுப்பதெல்லாம் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் வரும். பழைய 75 வாட் குண்டு பல்பு இரண்டை ஒரு சின்னப் பெட்டிக்குள் எரியவிட்டு மூடியதாக நினைத்துப் பாருங்கள்.

சில கேம்களில் சண்டை நடக்கும்போதுகூட இல்லாத இரைச்சல், வரைபடத்தைத் திறந்தால் வரும். முதலில் எனக்கு அது விளங்கவேயில்லை. படம் அசையாமல் நிற்கிறது, பெட்டி கத்துகிறது. நடப்பது இதுதான்: சண்டைக் காட்சியில் படம் நொடிக்கு 30 என்றோ 60 என்றோ கட்டுக்குள் இருக்கும். சில கேம்களில் வரைபடத் திரைக்கு அந்தக் கட்டுப்பாட்டைப் போடாமல் விட்டுவிடுவார்கள். இலேசான படம் என்பதால் சிப் தன்னால் முடிந்த வேகத்தில் அதையே திரும்பத் திரும்ப வரைந்து தள்ளும். வரைபடத்தைத் திறந்து வைத்துவிட்டு தேத்தண்ணி போடப் போனால், திரும்பி வரும்போது பெட்டி கொதித்துப்போய் இருக்கும். ஹோம் திரைக்கு வந்துவிட்டுப் போவது நல்லது.

இவ்வளவும் ஆனி மாதத்துக்குள் படித்து அறிந்துகொண்டேன். ஆவணியில்தான் உண்மையான பிரச்சினை வந்தது.

சிறுபோக வெட்டுக் காலத்தில் எங்கள் பக்கம் வந்திருப்பவர்களுக்குத் தெரியும். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் கிடைத்த வயல்களில் வெட்டு மெஷின் இறங்கும். வீதியோரத்தில் நெல் காயும். சோளகக் காற்று ஒரு பக்கம் கிரவல் ஒழுங்கையின் சிவப்புப் புழுதியைத் தூக்கும், இன்னொரு பக்கம் நெல்லுச் சுணையைத் தூக்கும். சுணை கண்ணுக்குத் தெரியாது. கழுத்தில் பட்டால்தான் தெரியும், அவ்வளவு கடிக்கும். வீட்டுக்குள் ரீவிக்கு மேல், அலுமாரிக்கு மேல், எல்லாவற்றிலும் மஞ்சளாக ஒரு படலம் படியும்.

அம்மாவுக்குத் தூசு என்றாலே ஆகாது. கொன்சோலை எடுத்து ஷோகேஸுக்குள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைத்தார். அதற்கு மேல் தான் பின்னிய வெள்ளைத் துணியையும் போட்டார். ரீவிக்கும் ரேடியோவுக்கும் அவர் செய்ததுதான் இதற்கும். கவனமாகப் பார்த்துக்கொள்ளத்தான் செய்தார். எனக்கும் அது தூசுக்கு நல்லதாகத்தான் பட்டது. ஆனால் மூடிய ஷோகேஸுக்குள் பெட்டி தான் விட்ட சூட்டுக் காற்றையே திரும்ப இழுக்கிறது. அறையில் 35 என்றால் அந்தத் தட்டுக்குள் அதைவிட எவ்வளவோ கூட. மேலே துணி வேறு. ஒரு கிழமைக்குள், சூடு அதிகமாகிவிட்டது என்று திரையில் எழுத்துக் காட்டிப் பெட்டி தானாக நின்றது.

அதற்கு அடுத்த இரவு நடந்ததை எழுதத்தான் இதைத் தொடங்கினேன்.

இரைகிற கொன்சோலைப் பற்றி எழுதுபவர்கள், ஜெட் விமானம் கிளம்புவதுபோல என்று எழுதுவார்கள். உலகம் முழுக்க அப்படித்தான் எழுதுகிறார்கள். அவர்களுக்கு அது ஒரு உவமை. அன்று இரவு பத்தரை இருக்கும். பெட்டியை ஷோகேஸிலிருந்து வெளியே எடுத்து, கதவுகளைத் திறந்து வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன். ஃபான் உச்ச வேகத்தில் ஒரே சுருதியில் நின்றது. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. காதில் ஹெட்போன் இருந்ததால் எனக்கு அது அவ்வளவாகக் கேட்கவில்லை. திடீரென்று குசினி லைட் அணைந்தது. பிறகு விறாந்தை லைட். கரண்ட் போய்விட்டதோ என்று பார்த்தால் ரீவி எரிகிறது. ஹெட்போனைக் கழற்றித் திரும்பினேன். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நிற்கிறார்.

"என்னம்மா?"

"ஒண்டுமில்லை. ஏன் லைட்டை நிப்பாட்டினனெண்டு தெரியேல்லை" என்றார்.

எனக்குத் தெரியும். போர்க் காலத்தில் ஆளில்லா விமானத்தை எங்கள் சனம் வண்டு என்று சொன்னது. கிபிர் குண்டுவீச்சு விமானம் வந்தால் ஒரே இடி, வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. வண்டு அப்படி இல்லை. அது மேலே நின்று ஒரே சுருதியில், ஏறாமல் இறங்காமல், மணித்தியாலக் கணக்கில் இரைந்துகொண்டே இருக்கும். அது பார்த்துவிட்டுப் போன இடத்துக்குப் பிறகு ஷெல் வரும், இல்லாவிட்டால் கிபிர் வரும். இரவில் அந்தச் சத்தம் கேட்டால் விளக்கை அணைக்க வேண்டும். 2008 மார்கழியில் இந்த வீதியால்தான் விசுவமடுப் பக்கம் போனோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா என்னைவிட நன்றாக அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார், என்னைப் பங்கருக்குள் தூங்க வைத்துவிட்டு.

பெட்டியை நிற்பாட்டினேன். ஃபான் நின்ற பிறகு அம்மா விறாந்தை லைட்டைப் போட்டுவிட்டுப் படுக்கப் போனார். அதைப் பற்றி நாங்கள் பிறகு கதைக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. பெட்டியைத் திறந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். அப்பா கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தார். அவருக்குக் கேம் தெரியாது; உழவு இயந்திரம் தெரியும், தண்ணீர் இறைக்கிற மிஷின் தெரியும். முதல் நாள் இரவே சத்தத்தைக் கேட்டுவிட்டு, "உது மூச்சு முட்டுற சத்தமெல்லோ" என்று சொல்லியிருந்தார்.

ஆணிகள் நட்சத்திரத் தலை ஆணிகள். அதற்கேற்ற ஸ்குரூ டிரைவரைக் கரடிப்போக்குப் பக்கம் ஃபோன் திருத்தும் ஒரு அண்ணையிடம் இரவல் வாங்கியிருந்தேன். மேல்மூடியைக் கழற்றினோம். ஃபானின் இறக்கைகளில் தூசு இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஃபானையும் கழற்றி, வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகளைப் பார்த்தபோதுதான் அப்பா, "ஆ" என்றார். தகடுகளுக்கு நடுவே ஒரு மில்லிமீற்றர் அளவுதான் இடைவெளி. அந்த இடைவெளிகளின் வாயில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கம்பளி படிந்திருந்தது. புழுதியும் சுணையும் தலைமயிரும் சேர்ந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, பிய்த்தால் பாய்போல உரிந்து வந்தது.

"வெட்டு மெஷின் ரேடியேட்டர் மாதிரியே கிடக்கு" என்றார் அப்பா. வெட்டுக் காலத்தில் மெஷின்காரர் மத்தியானத்தில் ஒருக்கால் நிற்பாட்டி, ரேடியேட்டரில் படிந்த வைக்கோல் தூசைத் தட்டி ஊதிவிட்டுத்தான் திரும்ப இறங்குவார்கள். ஊதாவிட்டால் தண்ணீர் கொதிக்கும். இங்கேயும் அதே வேலைதான். ஃபான் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று போவதற்கு வழியில்லை. காற்று போகாததால் சிப் சூடாகிறது, சிப் சூடாவதால் பெட்டி ஃபானை இன்னும் விரட்டுகிறது. போதாததற்கு, சூடான சிப் ஆறிய சிப்பைவிடக் கொஞ்சம் கூடுதல் மின்சாரத்தை வீணாகக் கசியவும் விடும். அந்தக் கசிவும் சூடுதான்.

துப்புரவாக்குவதில் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பலர் டயருக்குக் காற்றடிக்கும் கம்பிரசரைப் பிடிக்கிறார்கள். வேண்டாம். அந்தத் தாங்கிக்குள் தண்ணீர் சேர்ந்திருக்கும். காற்றோடு அதுவும் பெட்டிக்குள் பீய்ச்சும். அமுக்கமும் அளவுக்கு மீறியது. ஃபோன் கடைகளில் இருக்கும் சின்ன புளோவர் போதும், அதோடு காய்ந்த பெயின்ற் பிரஷ். ஊதும்போது ஃபான் சுற்றாதபடி ஒரு ஈர்க்கால் இறக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றடித்து அசுர வேகத்தில் சுற்றவிட்டால் அச்சு கெடும். சுற்றுகிற மோட்டர் தானே மின்சாரம் உண்டாக்கிப் பலகைக்குள் அனுப்பவும் கூடும். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டபிறகே மூடியைத் திறக்க வேண்டும். மின்வழங்கிப் பகுதியின் மூடியைத் திறக்கவே கூடாது. கரண்டைக் கழற்றிய பிறகும் அதற்குள் மின்னேற்றம் நிற்கும்.

சிப்புக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே பூசியிருந்த தேர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புபோலப் பொருக்கு விட்டிருந்தது. இரண்டு பரப்புகளும் பார்வைக்கு மழமழவென்று இருந்தாலும், ஒன்றோடொன்று முழுக்கப் பொருந்தாது. இடையில் காற்று நிற்கும். பேஸ்ட் அந்த இடத்தை நிரப்புகிறது. காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். பழையதைத் துடைத்துவிட்டுப் புதியது மெல்லியதாகப் பூசினேன். புதிய தலைமுறைப் பெட்டி வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம். பிளேஸ்டேஷன் 5-இல் பேஸ்ட்டுக்குப் பதிலாகத் திரவ உலோகம் இருக்கிறது. அது மின்சாரத்தையும் கடத்தும். ஒரு துளி வழிந்தாலும் பலகை போய்விடும். அதில் தூசு சேர்வதற்கென்றே இரண்டு குழிகள் வைத்திருக்கிறார்கள், பக்கத் தட்டைக் கழற்றி உறிஞ்சி எடுத்தால் போதும்.

ஒரு கடையில் வேறு யோசனை சொன்னார்கள்: ஃபான் வயரில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டால் வேகம் குறையும், சத்தமும் குறையும் என்று. செய்யாதீர்கள். ஃபான் கத்துவது உள்ளே சூடு என்பதால். அதன் வாயை அடைத்தால் சூடு அப்படியே இருக்கும். எக்ஸ்பொக்ஸ் 360-இல் சிவப்பு வளையம் விழுந்து இலட்சக்கணக்கானவர்களின் பெட்டி செத்துப்போன கதை பலருக்கு நினைவிருக்கும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்பின் நுண்ணிய இணைப்புகள் விட்டுப்போனதுதான் அங்கே நடந்தது. 2007 ஜூலையில் மைக்ரோசொஃப்ட் அதற்கான உத்தரவாதத்தை மூன்று வருடமாக நீட்டி, 1 பில்லியன் டொலருக்கு மேல் ஒதுக்க வேண்டி வந்தது.

திரும்பப் பூட்டி, ஷோகேஸுக்குள் வைக்காமல், ரீவி மேசையில் நான்கு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டு வைத்தேன். தரையில் வைத்தால் புழுதியை நேரே இழுக்கும், அதனால் மேசைதான் நல்லது. அன்றிரவு 4கே-யில் போட்டுப் பார்த்தேன். சத்தம் பாதிக்குக் கீழே வந்திருந்தது. ஆனாலும் அறை 34 பாகையில் இருந்ததால் ஒரு மெல்லிய ஊதல் மிச்சம் இருந்தது. அவ்வளவு குறைந்தது எனக்குப் போதவில்லை.

அப்புறம்தான் தீர்மானத்தையே இறக்கிப் பார்த்தேன். எங்கள் ரீவி 43 அங்குலம். அதன் அகலம் 95 சென்ரிமீற்றர். அதை 1,920-ஆல் வகுத்தால் ஒரு புள்ளி அரை மில்லிமீற்றர். நல்ல பார்வை உள்ளவருக்கு அரை மில்லிமீற்றர்ப் புள்ளி தனியாகத் தெரிவது ஐந்தரை அடி வரைக்கும்தான். அதற்கு அப்பால் புள்ளிகள் ஒன்றாகிவிடும். எங்கள் கதிரை இருப்பது ஒன்பது அடியில். அந்தத் தூரத்தில் 1080-க்கும் 4கே-க்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி கண்ணுக்கு வந்து சேர்வதே இல்லை. அந்த மிச்சப் புள்ளிகளுக்காகத்தான் சிப் கொதித்து, ஃபான் கத்தி, வீடு விழித்திருக்கிறது. பெட்டியின் அமைப்பில் போய் 1080 என்று மாற்றினேன். கேம் பட்டியலில் வேகத்துக்கு முதலிடமா, தரத்துக்கு முதலிடமா என்று கேட்டால், நொடிக்கு 60 படம் வரும் தெரிவை எல்லா நேரமும் எடுப்பதில்லை. அதுவும் சிப்பை முழுதாக வேலை வாங்கும். கதை சொல்லும் கேமுக்கு 30 போதும். 1080-ஆக இறக்கினாலும் சில கேம்கள் உள்ளே 4கே அளவில் வரைந்து பிறகு சுருக்கித்தான் அனுப்பும். அந்தத் தெரிவு இருந்தால் அதையும் அணைத்துவிட வேண்டும்.

சத்தம் போய்விட்டது. முன்பு ரீவிச் சத்தத்தை 30-இல் வைத்தால்தான் ஆட்கள் கதைப்பது கேட்கும். இப்போது 16 போதும்.

புதிய பெட்டி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு, எது சத்தம் குறைவு என்று. 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கின்றன என்பதிலேயே விடை இருக்கிறது. பெரிய ஃபான் மெதுவாகச் சுற்றினாலே போதிய காற்றைத் தள்ளும். பிளேஸ்டேஷன் 5-இன் ஃபான் 120 மில்லிமீற்றர் விட்டம், 45 மில்லிமீற்றர் தடிப்பு. எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸில் 130 மில்லிமீற்றர். அது கீழிருந்து காற்றை இழுத்து மேலால் விடுகிறது. சூடான காற்று தானாகவே மேலே போகப் பார்ப்பதால் அது நல்ல அமைப்பு. எங்கள் வெயிலுக்கு நான் பார்ப்பது முதலில் ஃபானின் அளவைத்தான், பிறகுதான் மற்றதெல்லாம். வைக்கிற அலுமாரி எவ்வளவு அழகாக இருந்தாலும், அதற்குள் வைக்காதீர்கள்.

வருடத்துக்கு இரண்டு முறை திறக்கிறேன்: காலபோக வெட்டு முடிந்து பங்குனியில் ஒருக்கால், சிறுபோகம் முடிந்து புரட்டாதியில் ஒருக்கால். நகரத்தில் இருப்பவர்களுக்கு வருடத்துக்கு ஒன்று போதுமாக இருக்கலாம். இங்கே போதாது. இந்தப் பங்குனியில் எடுத்த தூசில் சிவப்புக் குறைவு. ஒழுங்கைக்குத் தார் போட்டுவிட்டார்கள். சுணை மட்டும் அதே அளவு.

அம்மாவிடம் அந்த வெள்ளைத் துணியைப் பற்றி எப்படிச் சொல்வது என்று கொஞ்ச நாள் யோசித்தேன். கடைசியில் பெட்டி ஓடும்போது பின்பக்கத்தில் அவரது கையை வைத்துக் காட்டினேன். "இவ்வளவு சுடுகாத்து வருதே" என்றார். இப்போது பகலில் பெட்டி நிற்கும்போது துணி அதன் மேல்தான் கிடக்கிறது, தூசு விழாமல். பின்னேரம் ஆறு மணிக்கு விளக்கு வைத்த கையோடு, நான் போடுவேனா இல்லையா என்று கேட்காமலே, அம்மா அந்தத் துணியை எடுத்து நான்காக மடித்து ஷோகேஸுக்குள் வைத்துவிட்டுப் போகிறார்.